கற்ற தொழில் யாருக்குச் சொந்தம்?

(வெல்லாவெளியில், கணினித் துறையில் வேலை பார்ப்பவர்களும் வேலை தேடுபவர்களும் கூடிய அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வேலை ஒப்பந்தத்தில் வரும் ஒரு பந்தியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், இது கொழும்புக்காரருக்கான பேச்சு என்று சிலர் நினைத்திருப்பீர்கள். அப்படியல்ல. படுவான்கரைப் பிள்ளைகள் இன்று வந்தாறுமூலையிலும் யாழ்ப்பாணத்திலும் மொறட்டுவையிலும் கணினி படித்துவிட்டுத் தனியார் கம்பனிகளில் சேர்கிறார்கள். வேறு சிலர் வீட்டு விறாந்தையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்கிறார்கள். முந்திய தலைமுறையில் பட்டிருப்புப் பாலம் தாண்டி வேலைக்குப் போனவர்களின் கனவு அரச நியமனம். அந்த நியமனக் கடிதத்தில் எல்லோருக்கும் ஒரே வாசகம். அதில் பேரம் பேச இடமில்லை, பேசத் தேவையுமில்லை. இன்றைய பிள்ளையின் கைக்கு வருவதோ பக்கம் பக்கமான ஒரு ஒப்பந்தம். வீட்டில் அதைப் படித்து விளக்க ஆள் இல்லை. வேலை கிடைத்த சந்தோசத்தில் சம்பளம் எழுதிய பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறது. ஆபத்து இருப்பது நடுப் பக்கங்களில்.

அந்த நடுப் பக்கத்துப் பந்திக்கு நீங்கள் சொல்லும் பெயர் நொன்-கொம்பீட். நான் அதைப் போட்டித் தடை நிபந்தனை என்று சொல்கிறேன். அதன் சாரம் வழக்கமாக இதுதான்: இந்தக் கம்பனியை விட்டு விலகிய நாளிலிருந்து ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ, இதே வகை வேலை செய்யும் வேறெந்தக் கம்பனியிலும் சேரமாட்டேன்; அப்படியொரு தொழிலைச் சொந்தமாகவும் தொடங்கமாட்டேன்.

கேட்க நியாயம்போல இருக்கும். ஆனால் வங்கிகளுக்கான மென்பொருளில் ஐந்து வருடம் பழகிய ஒருவரை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? வங்கி மென்பொருள் செய்கிற இன்னொரு கம்பனிதான். அவருடைய ஐந்து வருட அனுபவத்துக்கு எங்கே விலை உண்டோ, சரியாக அந்தக் கதவைத்தான் இந்தப் பந்தி பூட்டுகிறது. இரண்டு வருடம் வேறு வேலை பார்த்துவிட்டு வா என்று சொன்னால், அதற்குள் கருவிகள் மாறிவிடும், கைப்பழக்கம் போய்விடும்.

இதோடு ஒட்டிக்கொண்டு வேறு சில பந்திகளும் வரும். அவற்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும். கம்பனியின் இரகசியங்களை வெளியே சொல்லமாட்டேன் என்பது ஒன்று. கம்பனியின் வாடிக்கையாளரையும் சக ஊழியரையும் என்னோடு இழுத்துக்கொண்டு போகமாட்டேன் என்பது இன்னொன்று. இத்தனை வருடத்துக்குள் விலகினால் இவ்வளவு பணம் கட்டுவேன் என்பது மூன்றாவது. அதைத்தான் பொண்ட் என்கிறீர்கள். இவை மூன்றுக்கும் ஓரளவு நியாயம் சொல்லலாம். போட்டித் தடை இவற்றிலிருந்து வேறுபட்டது. மற்றவை நீங்கள் எதைக் கொண்டுபோகக்கூடாது, போனால் எதைக் கட்டவேண்டும் என்று சொல்கின்றன. இது நீங்களே போகக்கூடாது என்கிறது.

இந்தச் சண்டை கணினியோடு பிறந்ததில்லை. 1414ஆம் ஆண்டில் இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு ஒரு சாயக்காரரின் வழக்கு வந்தது. ஜோன் டயர் என்பவர் தன் ஊரில் ஆறு மாதத்துக்குச் சாயத்தொழில் செய்வதில்லை என்று எழுதிக்கொடுத்திருந்தார். ஹல் என்ற நீதிபதிக்கு வந்த கோபத்தை அக்கால வழக்கேடு பதிவுசெய்து வைத்திருக்கிறது. அப்படி எழுதி வாங்கியவன் இங்கே வந்திருந்தால் அவனைத் தண்டம் கட்டும்வரை சிறையில் போட்டிருப்பேன் என்ற பொருளில் அவர் கடவுள்மேல் ஆணையிட்டுச் சொன்னார். ஒருவனைத் தன் தொழிலைச் செய்யாமல் தடுப்பது அவனுக்கும் கேடு, ஊருக்கும் கேடு என்பது அக்காலத்து எண்ணம்.

முந்நூறு ஆண்டு கழித்து அந்தக் கோபம் தணிந்தது. 1711இல் ஒரு வெதுப்பகக் குத்தகை பற்றிய வழக்கில், தடை நியாயமான அளவில் இருந்தால் செல்லும் என்று இங்கிலாந்து நீதிமன்றம் ஏற்றது. எவ்வளவு காலம், எவ்வளவு தூரம், எதைக் காப்பதற்காக என்று நிறுத்துப் பார்க்கும் வழக்கம் அங்கிருந்து வந்தது. 1916இல் பிரபுக்கள் சபை இன்னொரு கோட்டையும் போட்டது. வேலைகொள்வோர் தம் வியாபார இரகசியத்தையும் வாடிக்கையாளர் தொடர்பையும் காத்துக்கொள்ளலாம். ஊழியர் வேலையில் வளர்த்துக்கொண்ட திறமை ஊழியருடையது. அவர் போட்டிக்கு வந்துவிடுவார் என்ற பயம் மட்டும் தடைபோடப் போதாது என்பதுதான் அந்தக் கோடு.

இடையில் ஒரு விசித்திரம் நடந்தது. டேவிட் டட்லி ஃபீல்ட் என்ற அமெரிக்க வழக்கறிஞர் நியூயோர்க் மாநிலத்துக்காக 1865இல் ஒரு சிவில் சட்ட வரைவை ஆக்கி முடித்தார். சட்டபூர்வமான தொழிலைச் செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. நியூயோர்க் அந்த வரைவை ஏற்கவே இல்லை. ஆனால் 1872இல் கலிபோர்னியா அதை எடுத்துக்கொண்டது. அதே 1872இல் பிரித்தானிய இந்தியாவின் ஒப்பந்தச் சட்டத்திலும் அந்த வாசகம் 27ஆம் பிரிவாக ஏறியது. சிலிக்கன் பள்ளத்தாக்கும் சென்னையும் பெங்களூரும் ஒரே வரைவின் நிழலில் நிற்கின்றன என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தியச் சட்டம் வந்த இரண்டாம் வருடமே அதற்குச் சோதனை வந்தது. கல்கத்தாவில் பித்தளைத் தொழில் செய்த இருவர். போட்டி தாங்காத ஒருவர், நீ கடையை மூடு, உன் வேலையாட்களுக்குக் கொடுத்த முற்பணத்தை நான் தருகிறேன் என்றார். மற்றவர் மூடினார். வாக்குக் கொடுத்தவர் பணம் தரவில்லை. மாதவ் சந்தர் எதிர் ராஜ்குமார் தாஸ் என்ற அந்த 1874ஆம் ஆண்டு வழக்கில், ஒரு பகுதிக்குள் மட்டும் போடப்பட்ட தடையும் தடைதான், ஆகவே ஒப்பந்தம் செல்லாது என்று பிரதம நீதியரசர் கௌச் தீர்த்தார். இங்கிலாந்தின் நியாய அளவுகோலுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை என்பது அன்றே தெளிவாயிற்று. பாகிஸ்தானும் பங்களாதேசும் அதே பிரிவை வைத்திருக்கின்றன. மலேசியாவின் ஒப்பந்தச் சட்டத்திலும் 28ஆம் பிரிவாக அது இருக்கிறது.

இலங்கைக்கு அது வரவில்லை. அப்போது நாம் இந்தியாவோடு சேர்த்து ஆளப்பட்டவர்களல்லர். தனி முடியரசுக் குடியேற்றம். டச்சுக்காரர் காலத்துச் சட்டம் தொடரும் என்று பிரித்தானியர் 1799இல் பிரகடனம் செய்தார்கள். மட்டக்களப்பில் முக்குவர் சட்டம் என்ற வழமையும் இருந்தது என்றாலும் அது தாய்வழிச் சொத்துரிமை பற்றியது. வேலை ஒப்பந்தத்துக்கு உரோமன் டச்சுச் சட்டமும் அதன்மேல் படிந்த ஆங்கிலச் சட்டமுமே அடிப்படை. ஆகவே போட்டித் தடை செல்லாது என்று ஒரே வரியில் சொல்லும் பிரிவு நம்மிடம் இல்லை. நியாயமானதா என்று நிறுத்துப் பார்க்கும் பழைய தராசுதான் இருக்கிறது. அதே உரோமன் டச்சுச் சட்டத்தை வைத்திருக்கும் தென்னாபிரிக்காவில், 1984இன் மக்னா அலோய்ஸ் வழக்கு, கையெழுத்திட்ட தடை முதலில் செல்லும் என்றது. அது பொதுநலனுக்கு முரணானது என்று காட்டும் பாரத்தை, அதை எதிர்ப்பவரின் தலையில் வைத்தது. பாரம் யார் தலையில் என்பது நீதிமன்றத்தில் பாதி வழக்கு.

தொழிலாளியைப் போகவிடாமல் கட்டிவைக்கும் வித்தையை இந்தத் தீவு முன்பே பார்த்திருக்கிறது. மலையகத் தோட்டங்களில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் கங்காணியிடம் பட்ட கடனை எழுதி, அந்தத் தொகையைத் தந்தால் இந்த ஆட்களை விடுவிப்பேன் என்று துரை கொடுக்கும் காகிதமே துண்டு. புதிய தோட்டத்துத் துரை அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் இடம் மாறலாம். ஒரு துரையிடமிருந்து இன்னொரு துரை ஆட்களை இழுக்க இழுக்கக் கடன் ஏறிக்கொண்டே போயிற்று, சுமந்தவர் தொழிலாளி. முன்னறிவித்தல் கொடாமல் வேலையை விட்டால் சிறைக்கும் அனுப்பக்கூடிய சட்டம் அதற்குத் துணை நின்றது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிக் கழகத்தை அமைத்து இவற்றுக்கு எதிராகக் குரல் கொடுத்தார். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது.

குளிரூட்டிய அறையில் நல்ல சம்பளத்துக்கு வேலை செய்யும் பொறியியலாளரின் நிலையும் லயத்தில் வாழ்ந்தவரின் நிலையும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்வது அந்த மக்கள் பட்ட பாட்டைக் கொச்சைப்படுத்தும். ஆனால் இரண்டிலும் ஒரு கணக்கு ஒன்றுபோல இருக்கிறது. ஆளைத் தக்கவைக்கச் சம்பளத்தைக் கூட்டலாம், நன்றாக நடத்தலாம்; அதற்குச் செலவாகும். காகிதத்தால் கட்டிவைத்தால் செலவில்லை.

இனி இந்தியாவின் இன்றைய நிலைக்கு வருகிறேன், ஏனென்றால் அதுதான் நமக்குப் பக்கத்துப் பாடம். 1967இல் கோலிகரி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், ஐந்தாண்டு ஒப்பந்தம் நடக்கும்போதே ஒருவர் போட்டிக் கம்பனிக்குப் போவதைத் தடுக்கலாம் என்றது. 1980இல் கிருஷண் முர்காய் வழக்கில், வேலை முடிந்த பிறகும் இரண்டாண்டுக்குத் தொடரும் தடையை அமுலாக்க மறுத்தது. வேலையில் இருக்கும்வரை விசுவாசம், வெளியேறிய பின் சுதந்திரம் என்று இந்த இரண்டையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும் 2022இல் என்ன நடந்தது? அது இந்திய மென்பொருள் துறையில் ஆட்கள் அலையலையாக இடம் மாறிய காலம். அந்த ஆண்டின் ஜனவரி முதல் மார்ச் வரையான காலாண்டில் இன்போசிஸ் அறிவித்த விலகல் வீதம் 27.7 சதவீதம். அந்த நிறுவனத்தின் வேலை ஒப்பந்தத்தில், விலகிய ஆறு மாதத்துக்கு, முன்பு தாம் வேலை செய்துகொடுத்த வாடிக்கையாளரிடம் சேரக்கூடாது, அதே வாடிக்கையாளருக்காகக் குறிப்பிட்ட போட்டிக் கம்பனிகளிலும் வேலை செய்யக்கூடாது என்று இருந்தது. டிசிஎஸ், அக்செஞ்சர், ஐபிஎம், கொக்னிசன்ட், விப்ரோ என்று பெயர்களே எழுதப்பட்டிருந்தன. புனேயைத் தளமாகக் கொண்ட நைட்ஸ் என்ற ஊழியர் அமைப்பு, இது 27ஆம் பிரிவுக்கு முரண் என்று மத்திய தொழிலாளர் அமைச்சுக்கு முறையிட்டது. அமைச்சு இரு தரப்பையும் பேச அழைத்தது. இது பல நாடுகளிலும் உள்ள வழக்கமான நடைமுறைதான் என்பது கம்பனியின் விளக்கம்.

நூற்றைம்பது வருடமாகச் செல்லாது என்று சட்டம் சொல்லும் ஒன்றை ஏன் இன்னும் எழுதுகிறார்கள்? நீதிமன்றத்தில் வெல்வதற்கு என்று நான் நம்பவில்லை. எழுதிவைத்தாலே வேலை நடக்கிறது. எவான் ஸ்டார் உள்ளிட்ட மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2014இல் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியரிடம் விசாரித்தார்கள். ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இப்படியொரு தடைக்குள் இருந்தார். அதைப் பற்றிப் பேரம் பேசியவர் பத்தில் ஒருவர்தான். தடைக்குள் இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, வேலையை ஏற்றுக்கொண்ட பிறகே அந்தக் காகிதம் நீட்டப்பட்டிருந்தது. எல்லாவற்றிலும் முக்கியமானது இது: தடை செல்லாத மாநிலங்களிலும், செல்லும் மாநிலங்களில் உள்ள அளவுக்கே அது எழுதப்பட்டிருந்தது. சட்டம் செத்தது என்று சொன்ன பந்தி, படித்தவர் மனத்தில் உயிரோடு இருக்கிறது.

பயம் எல்லோருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. மாமனோ சித்தப்பாவோ சட்டத்தரணியாக இருக்கிற வீட்டுப் பிள்ளை ஒரு தொலைபேசி அழைப்பில் பதில் வாங்கிவிடும். நவகிரிக் குளத்து நீரை நம்பி வயல் செய்கிற வீட்டிலிருந்து முதல்முதலாக மாதச் சம்பளத்துக்குப் போன பிள்ளைக்கு, கம்பனியின் சட்டப் பிரிவிலிருந்து வரும் ஒரு மின்னஞ்சலே இடி. வழக்கு என்றால் கொழும்புக்கு அலையவேண்டும். வென்றாலும் செலவு, தோற்றால் கடன். ஆகவே அந்தப் பிள்ளை நல்ல இடத்திலிருந்து வந்த அழைப்பை மறுத்துவிட்டுப் பழைய சம்பளத்திலேயே இருந்துவிடும். அந்த இழப்பு எந்த வழக்கேட்டிலும் பதியப்படுவதில்லை. இந்தப் பேச்சை வெல்லாவெளியில் பேச வேண்டியிருப்பது அதனால்தான்.

சரி, கம்பனிக்காரர் பக்கத்திலும் நியாயம் இல்லையா? இருக்கிறது. உங்களில் ஒருவர் நாளைக்குக் களுவாஞ்சிகுடியில் நாலு பேரை வைத்து ஒரு கம்பனி தொடங்கலாம். ஒன்றும் தெரியாமல் வந்த தம்பியை ஆறு மாதம் சம்பளம் கொடுத்துப் பழக்குகிறீர்கள். அவர் உங்கள் வாடிக்கையாளர் பட்டியலையும் நீங்கள் எழுதிய நிரலையும் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவில் கடை போட்டால் வயிறு எரியத்தான் செய்யும். அதைத் தடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதற்குப் போட்டித் தடை தேவையா என்பதே கேள்வி.

நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். கணினி நிரலும் அதில் பாதுகாக்கப்பட்ட படைப்பு. ஊழியர் வேலையின்போது ஆக்கிய படைப்பின் உரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், வேலைகொள்வோருக்கே சேரும். வெளியிடப்படாத வியாபாரத் தகவலைக் கையாடுவதை அதே சட்டத்தின் 160ஆம் பிரிவு நேர்மையற்ற போட்டி என்கிறது. 2007இன் கணினிக் குற்றங்கள் சட்டமும் இருக்கிறது. எழுதிய நிரலுக்கு ஒரு பூட்டு, இரகசியத்துக்கு ஒரு பூட்டு, கணினிக்குள் அத்துமீறிப் புகுவதற்கு ஒரு பூட்டு என்று கம்பனியின் கையில் ஏற்கெனவே மூன்று இருக்கின்றன.

போடியாரின் வயலில் ஒரு போகம் நின்ற முல்லைக்காரர் அடுத்த போகம் இன்னொரு போடியாரிடம் போகலாம். எந்த வரவையில் எப்போது நீர் கட்டவேண்டும், எந்தப் பூச்சி எந்தக் கிழமையில் வரும் என்ற அறிவு அவரோடுதான் போகும். விதைநெல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் மட்டும் அது களவு. மென்பொருளிலும் கோடு இங்கேதான். நீங்கள் எழுதிய நிரல் கம்பனியின் விதைநெல். அதை எழுதி எழுதிப் பழகிய மூளை உங்களுடையது.

கலிபோர்னியா இந்தக் கோட்டில்தான் வாழ்கிறது. 1957இல் ஷொக்லி என்ற நோபல் பரிசாளரின் கம்பனியிலிருந்து எட்டுப் பேர் ஒன்றாக வெளியேறி ஃபெயார்சைல்ட் கம்பனியைத் தொடங்கினார்கள். அந்த எட்டுப் பேரில் இருவரான நொய்ஸும் மூரும் 1968இல் அங்கிருந்தும் விலகி இன்டெலைத் தொடங்கினார்கள். பொஸ்டன் நகரத்துக் கணினித் தொழில் பின்தங்கியதற்கும் சிலிக்கன் பள்ளத்தாக்கு முந்தியதற்கும் இந்தச் சட்ட வேறுபாடு ஒரு காரணம் என்று ரொனால்ட் கில்சன் என்ற சட்டப் பேராசிரியர் 1999இல் வாதிட்டார். வேறு காரணங்களைச் சொல்வோரும் உண்டு. ஆட்கள் தாராளமாக இடம் மாறியதால் அந்தப் பள்ளத்தாக்கு அழிந்துபோகவில்லை என்பதை மட்டும் எவரும் மறுக்கமுடியாது.

போவதற்குச் சுதந்திரம் உண்டு என்பதற்காகக் கொண்டுபோகவும் சுதந்திரம் உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். கூகிளின் தானியங்கிக் கார்த் திட்டத்தில் இருந்த அந்தனி லெவன்டோவ்ஸ்கி என்ற பொறியியலாளர் விலகிப் போய்த் தொடங்கிய கம்பனியை ஊபர் வாங்கியது. அவர் போகுமுன் ஏறத்தாழ 14,000 கோப்புகளைப் பதிவிறக்கினார் என்று, கூகிளின் அந்தத் திட்டத்திலிருந்து பிறந்த வேமோ கம்பனி வழக்குப் போட்டது. 2018இல் ஊபர் ஏறத்தாழ 245 மில்லியன் டொலர் பெறுமதியான பங்குகளைக் கொடுத்துச் சமரசம் செய்தது. அவர் 2020இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பின்னர் ஜனாதிபதி மன்னிப்புக் கிடைத்தது. போட்டித் தடை ஒரு துளியும் செல்லாத மாநிலத்தில் நடந்த கதை இது. அந்தத் தடை இல்லாமலே கம்பனி தன்னைக் காத்துக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சட்டம் கதவைத் திறந்தால் பின்வழியாகப் பூட்டுப்போட ஆள் வரும் என்பதற்கும் அங்கேயே உதாரணம் உண்டு. உன் ஆளை நான் கூப்பிடமாட்டேன், என் ஆளை நீ கூப்பிடாதே என்று அப்பிள், கூகிள், இன்டெல், அடோபி போன்ற பெருங்கம்பனிகள் தமக்குள் பேசிவைத்திருந்தன. 2010இல் அமெரிக்க நீதித் திணைக்களம் அதைப் பிடித்தது. ஊழியர் தொடுத்த வழக்கில் அந்த நாலு கம்பனிகளும் 415 மில்லியன் டொலர் கொடுக்க 2015இல் நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது.

நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூர் இருக்கிறது. அங்கே ஆங்கிலேயரின் நியாயத் தராசுதான். 2024இல் ஷொப்பி நிறுவனம், டிக்டொக்கை நடத்தும் பைட்டான்ஸில் சேர்ந்த தன் முன்னாள் அதிகாரியைத் தடுக்கக் கேட்டபோது உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு வழங்க மறுத்தது. இரகசியத்தைக் காக்க வேறு பந்தி இருக்கும்போது அதே இரகசியத்தைக் காட்டிப் போட்டித் தடையும் கேட்கமுடியாது என்பது அதன் முக்கியமான நியாயம். இங்கே வழக்காடுவோரும் எடுத்துக்காட்டக்கூடிய வாதம் அது.

அப்படியானால் நாம் என்ன கேட்கவேண்டும்? உலகம் மூன்று வழிகளைக் காட்டுகிறது.

முதல் வழி, தடைக்கு விலை வைப்பது. ஜெர்மனியில் விலகியவரைத் தடுத்து வைக்க விரும்பும் கம்பனி, அந்தக் காலம் முழுவதும் கடைசிச் சம்பளத்தில் குறைந்தது பாதியைக் கொடுக்கவேண்டும். இரண்டு வருடத்துக்குமேல் தடுக்கமுடியாது. சீனாவின் 2008ஆம் ஆண்டுத் தொழில் ஒப்பந்தச் சட்டமும் இரண்டாண்டு எல்லை வைத்து, மாதாமாதம் இழப்பீடு கேட்கிறது. காசு கொடுக்கவேண்டும் என்றால், எல்லா ஊழியருக்கும் கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பந்தியை எந்தக் கம்பனியும் எழுதாது.

இரண்டாவது வழி, இந்தத் துறைக்கு மட்டும் தடையை நீக்குவது. ஹவாய் 2015இல் தொழில்நுட்பக் கம்பனிகளின் ஊழியருக்குப் போட்டித் தடை கூடாது என்று சட்டம் செய்தது. எங்கள் நிலப்பரப்பு சிறியது, தடை போட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு வேலை வாய்ப்புச் சுருங்கிவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். நாமும் தீவுதான். நம் நாட்டின் மென்பொருள் வேலை பெரும்பாலும் கொழும்பைச் சுற்றியே இருக்கிறது. அந்த வட்டத்துக்குள் இரண்டாண்டு வேலை செய்யாதே என்றால் விமானம் ஏறு என்று பொருள். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் எத்தனை கெட்டிக்காரரை வழியனுப்பினோம் என்பதை எண்ணிப் பார்க்கிற நாட்டுக்கு இது பொருந்தாதா?

மூன்றாவது வழி, முற்றாகச் செல்லாது என்று சொல்வது. இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2024 ஏப்ரலில், நாடு முழுவதும் போட்டித் தடைப் பந்தி கூடாது என்று விதி செய்தது. ஏறத்தாழ 30 மில்லியன் ஊழியர் இந்தப் பந்திக்குள் இருப்பதாகக் கணக்குச் சொன்னது. அதே ஓகஸ்டில் டெக்சாஸ் நீதிமன்றமொன்று, ஆணைக்குழுவுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று விதியை நீக்கியது. 2025 செப்டெம்பரில் ஆணைக்குழு தன் மேன்முறையீட்டையும் கைவிட்டது. ஆணைக்குழுவின் விதி காற்றில் போயிற்று. சட்டசபை இயற்றிய கலிபோர்னியாப் பிரிவு 1872இலிருந்து நிற்கிறது. ஆகவே நாம் கேட்பதை நாடாளுமன்றத்திடம் கேட்கவேண்டும்.

செல்லாது என்று மட்டும் சொன்னாலும் போதாது என்பதை இந்தியா காட்டிவிட்டது. கலிபோர்னியா இதைப் புரிந்துகொண்டு, 2024 முதல் இப்படியொரு பந்தியை எழுதுவதையே சட்டவிரோதமாக்கியது. ஏற்கெனவே எழுதியிருந்த கம்பனிகள், இந்தப் பந்தி உங்களைக் கட்டுப்படுத்தாது என்று ஊழியர் ஒவ்வொருவருக்கும் பெப்ரவரி 14க்குள் கடிதம் கொடுக்கவேண்டும் என்றது. பயத்தைக் காகிதம் உண்டாக்கியதென்றால் அதைக் காகிதத்தாலேயே நீக்கவேண்டும். நமது கோரிக்கையும் அதுவாகவே இருக்கவேண்டும்: தடை செல்லாது, எழுதுவது தண்டத்துக்குரியது, எழுதியவர் கடிதம் கொடுக்கவேண்டும்.

சட்டம் வரும்வரை என்ன செய்வது? சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோக இரண்டு நாள் தாருங்கள் என்று கேளுங்கள். கேட்டதற்காக வேலை இல்லை என்கிற கம்பனி, பின்னால் எப்படி நடத்தும் என்பதை முன்னாலேயே காட்டிவிட்டது. போட்டித் தடை இருந்தால் காலத்தைக் குறைக்கவும், போட்டிக் கம்பனிகளைப் பெயர் சொல்லி எழுதவும் கேளுங்கள். மறுத்தால், கேட்டதும் மறுத்ததும் மின்னஞ்சலில் இருக்கட்டும். எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும், எங்கே வழக்காட வேண்டும் என்ற வரியைத் தேடிப் பாருங்கள். வெல்லாவெளியிலிருந்து வேலை செய்யும் உங்களைச் சிங்கப்பூர் நீதிமன்றத்துக்கோ அமெரிக்க நடுவரிடமோ அந்த வரி அனுப்பலாம்.

அப்வேர்க் போன்ற தளங்களில் வேலை செய்பவர்களுக்கும் இப்படியொன்று உண்டு. அங்கே சந்தித்த வாடிக்கையாளரிடம் 24 மாதத்துக்குத் தளத்துக்கு வெளியே பணம் வாங்கக்கூடாது. வெளியே போகவேண்டுமென்றால் தனிக் கட்டணம் கட்டவேண்டும். நான் எந்தக் கம்பனியிலும் இல்லை, எனக்கு ஒப்பந்தமே இல்லை என்று நினைக்கவேண்டாம். ஏற்கிறேன் என்று நீங்கள் அழுத்திய பொத்தானும் கையெழுத்துத்தான்.

பொண்ட் விசயத்தில் அவதானமாக இருங்கள். 2025 மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம், மூன்று வருடத்துக்குள் விலகிய விஜயா வங்கி அதிகாரி இரண்டு இலட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது. வேலை நடக்கும் காலத்துக்கான நிபந்தனை அது, வேறிடம் போவதை அது தடுக்கவில்லை என்பது காரணம். 27ஆம் பிரிவு உள்ள நாட்டிலேயே அப்படி. ஆகவே தொகையைப் பாருங்கள். எந்தப் பயிற்சிக்காக அந்தத் தொகை என்று எழுதச் சொல்லுங்கள்.

விலகும்போது கையைச் சுத்தமாக வைத்திருங்கள். கம்பனியின் கணினியைத் திருப்பிக் கொடுங்கள். நிரலைத் தனிப்பட்ட மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். பென் டிரைவில் ஒன்றும் ஏற்றாதீர்கள். சொந்தக் கணக்கில் பழைய கோப்பு கிடந்தால் சொல்லிவிட்டு அழியுங்கள். நீதிமன்றத்தில் உங்களுக்கு இருக்கும் பெரிய பலம் வெறுங்கையோடு வெளியேறியது. ஊழியர் சேமலாப நிதி உங்கள் பணம். ஐந்து வருடம் நிறைந்தவருக்குப் பணிக்கொடை 1983ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. போட்டிக் கம்பனிக்குப் போகிறாய் என்பதற்காக எவரும் அவற்றை மறிக்கமுடியாது. மறித்தால் தொழில் திணைக்களத்துக்குப் போங்கள். மிரட்டும் கடிதம் வந்தால் தனியே இருந்து பயந்து பதில் எழுதாதீர்கள். ஒரு சட்டத்தரணியிடமோ சட்ட உதவி ஆணைக்குழுவிலோ முதலில் காட்டுங்கள்.

நீங்களே நாளை வேலைகொள்வோர் ஆனால், இணையத்தில் கிடைத்த மாதிரி ஒப்பந்தத்தை அப்படியே ஒட்டி உங்கள் ஊர்ப் பிள்ளையிடம் நீட்டாதீர்கள். இரகசியக் காப்புப் பந்தி ஒன்று போதும். உங்களை விட்டுப் போகமுடியாதவரை வைத்துக்கொண்டு நல்ல மென்பொருள் செய்யமுடியாது. போக முடிந்தும் போகாதவரே உங்கள் கம்பனியின் முதல்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வேலை மாறப்போகிறேன் என்றால், கிடைத்ததை விடாதே என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒப்பந்தத்தைக் கொண்டுவா, சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லுங்கள். ஆங்கிலம் தெரியாது என்று தயங்கவேண்டாம். காணி உறுதியில் எல்லை நாலும் சரியா என்று பார்க்கத் தெரிந்தவர்கள் நீங்கள். இந்தக் காகிதத்திலும் கேட்கவேண்டியது அதைத்தான்: கம்பனிக்கு எது, என் பிள்ளைக்கு எது, எல்லை எங்கே? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லமுடியாத பந்தி எதிலும் உங்கள் பிள்ளை கையெழுத்துப் போடவேண்டாம்.